யாரும் பார்க்காத திசையிலிருந்து வரும் வண்டி

ஒருவழிச் சாலையைக் கடக்க நிற்கிறவர் ஒரு பக்கம் மட்டும்தான் பார்ப்பார். வண்டிகள் வரும் பக்கத்தைப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் இறங்கிவிடுவார். பக்கத்துச் சந்திலிருந்து அந்தச் சாலைக்குள் திரும்பும் ஓட்டுநரும் அப்படித்தான். ஓரமாக நிறுத்திய காரிலிருந்து இறங்குபவரும் வண்டிகள் வரும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். இவர்கள் யாரையும் அசட்டையானவர்கள் என்று சொல்ல முடியாது. மறுபக்கத்திலிருந்து எதுவும் வராது என்று சாலை முனையில் பலகை வைத்திருக்கிறார்கள். அதை நம்பி நடக்கிறார்கள்.

எதிர்த்திசையில் நுழையும் வண்டி, யாருடைய கண்ணும் இல்லாத அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஒருவழி விதிமீறல் என்றதும் பேச்சு நேராக ஒழுக்கத்துக்கும் அபராதத்துக்கும் போய்விடுகிறது. அதெல்லாம் பிறகு. ஒருவழிச் சாலை எதனால் பாதுகாப்பாக இருக்கிறதோ, மீறும்போது அதே காரணத்தால்தான் இருவழிச் சாலையைவிட ஆபத்தாகிறது. இது பிடிபட்டுவிட்டால், மீறல் ஏன் நடக்கிறது, எதைச் செய்தால் குறையும் என்பவையும் விளங்கத் தொடங்கும்.

ஒரே திசையில் விடுவதால் என்ன லாபம்?

சாலைப் பொறியாளர்கள் ஒரு சந்திப்பை ஆராயும்போது மோதல் புள்ளிகளை எண்ணுவார்கள். இரண்டு வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடம், வந்து சேரும் இடம், பிரியும் இடம் ஒவ்வொன்றும் ஒரு மோதல் புள்ளி. திசைக்கு ஒரு தடம் உள்ள இரண்டு இருவழிச் சாலைகள் சந்திக்கும் சாதாரண நாற்சந்தியில் இப்படிப்பட்ட புள்ளிகள் 32. அவற்றில் வெட்டுபவை 16, சேர்பவை 8, பிரிபவை 8. இப்போது இரண்டு சாலைகளையும் ஒருவழியாக்கி, ஆளுக்கு ஒரு தடம் வைத்துத் தாளில் வரைந்து பாருங்கள். நேராகப் போகும் இரண்டு ஓட்டங்களும் வெட்டிக்கொள்வது ஓரிடத்தில். ஒரு சாலையிலிருந்து மற்றதற்குத் திரும்புவோர் பிரிவது இரண்டு இடங்களில், போய்ச் சேர்வது இரண்டு இடங்களில். ஆக மொத்தம் 5. முப்பத்திரண்டு எங்கே, ஐந்து எங்கே!

அடுத்த லாபம் சிக்னலில். இரண்டு சிக்னல்களுக்கு இடையே 300 மீட்டர் தூரம், வண்டிகளின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 27 நொடி ஆகும். இரண்டாவது சிக்னலை 27 நொடி தாமதமாகப் பச்சையாக்கினால், முதல் சிக்னலில் கிளம்பிய கூட்டம் அங்கேயும் நிற்காமல் போகும். அடுத்தடுத்த சிக்னல்களையும் இப்படியே கோத்துக்கொண்டு போகலாம். இருவழிச் சாலையில் ஒரு திசைக்குப் பொருந்தும் தாமதம் எதிர்த்திசைக்குப் பொருந்தாமல் போவதுதான் வழக்கம். யாராவது ஒரு தரப்பு நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் எளியது. தெரு குறுகலாக இருந்தால் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து ஒதுங்க இடமில்லை. ஒருவழி என்ற ஏற்பாடு பிறந்ததே இந்தக் காரணத்தால்தான். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த, இத்தாலியின் பாம்பேய் நகரத்தின் தெருக்களில், வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் இன்றும் இருக்கின்றன. முனைக் கற்கள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்பதை வைத்து, எந்தத் தெருவில் வண்டிகள் எந்தத் திசையில் போயின என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பல தெருக்களில் தேய்மானம் ஒரே திசையைக் காட்டுகிறது. லண்டனில் 1617-ஆம் ஆண்டு நகர மன்றம் ஓர் ஆணை போட்டது. தேம்ஸ் தெருவில் போய் முடியும் 17 குறுகிய சந்துகளில் பார வண்டிகள் எப்படிப் போக வேண்டும் என்பது அதில் இருந்தது. பிற்பாடு 1666-இல் லண்டன் பெருந்தீ தொடங்கிய புட்டிங் சந்தும் அவற்றில் ஒன்று. வண்டிக்காரர்களின் ஒழுங்கீனத்தையும் முரட்டு நடத்தையையும் கட்டுப்படுத்தவே இந்த ஆணை என்று அப்போதே காரணம் சொல்லியிருக்கிறார்கள். விதியும் வண்டிக்காரர் மீதான புகாரும் ஒரே தாளில் பிறந்திருக்கின்றன! இந்தக் காலத்து ஓட்டுநர்கள்தான் கெட்டுப்போய்விட்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த நானூறு ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் கார்கள் பெருகியதும், அகலமான சாலைகளையும் ஒருவழியாக்கும் வழக்கம் வந்தது. இட நெருக்கடி அங்கே காரணமில்லை. அதே அகலத்தில் அதிக வண்டிகளை வேகமாக அனுப்ப முடியும் என்பதே காரணம். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவும் மேடிசன் அவென்யூவும் 1966 ஜனவரியில் ஒருவழிச் சாலைகளாயின.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் டிவைடர் வைத்த பெரிய சாலையின் ஒவ்வொரு பாதியும் ஒருவழிச் சாலையே. அடுத்த யூ டர்ன் வரை போக மனமில்லாமல் தன் பாதியிலேயே ஓரமாக எதிர்த்து வருகிறவர் செய்வதும் இதே மீறல்தான். நோ என்ட்ரி பலகை இல்லாததால் பலர் அதை வேறு கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஓரமாகத்தானே போகிறேன்

எதிர்த்திசையில் போகிறவர்கள் சொல்லும் சமாதானங்களில் முதலிடம் இதற்குத்தான். நடுச்சாலையில் போகவில்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரத்தை ஒட்டி, மெதுவாகத்தான் போகிறேன் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலையின் ஓரத்தில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். நடப்பவர்கள் இறங்குவது ஓரத்தில். கார்க் கதவு திறப்பது ஓரத்தில். பஸ்ஸிலிருந்து பயணிகள் காலை வைப்பது ஓரத்தில். சந்திலிருந்து வண்டிகள் மூக்கை நீட்டுவதும் அங்கேதான். நடுச்சாலையில் எதிர்த்து வருபவரை எதிரே வரும் ஓட்டுநர்களாவது தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள். ஓரத்தை ஒட்டி வருபவர், நிறுத்தி வைத்த வண்டிகளின் மறைவிலிருந்து வெளிப்படுகிறார்.

சந்திலிருந்து வெளிவரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் முனையில் நிற்கிறார். தலை முழுவதுமாக வண்டிகள் வரும் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு லாரி போகிறது, பின்னால் இரண்டு பைக், அதன் பின்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி தனக்குப் போதுமா என்று கண்ணால் அளந்துகொண்டே, கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தத் தொடங்குகிறது. தலை இன்னும் திரும்பியபடியே இருக்கிறது, வண்டி நகர்ந்துவிட்டது. இதற்கெல்லாம் மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மறுபக்கம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ‘மெதுவாக’ ஓரத்தை ஒட்டி வரும் ஸ்கூட்டர் அந்த மூன்று நொடியில் 20 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஓட்டுநர் முதலில் நிமிர்ந்து பார்த்தபோது அது பார்வைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்கும். அவர் இருபுறமும் பார்த்திருந்தால்கூட, முதலில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருப்பார். கண் இரண்டு இருந்தாலும் தலை ஒன்றுதானே!

மோதல் எவ்வளவு விரைவில் நேர்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே திசையில் முன்னால் போகும் வண்டியின் வேகம் 30, பின்னால் வரும் வண்டியின் வேகம் 40 என்றால், நெருங்கும் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். இடையில் 50 மீட்டர் இருந்தால், தொடுவதற்கு 18 நொடி இருக்கிறது. இருவரும் 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 80. அதே 50 மீட்டர் இரண்டே கால் நொடியில் தீர்ந்துவிடும். ஆபத்தைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்கும் வரை ஆகும் நேரத்துக்கு மட்டுமே ஒன்றரை நொடி முதல் இரண்டரை நொடி வரை சாலை வடிவமைப்பில் ஒதுக்குகிறார்கள். எதிர்பாராத ஒன்றைப் புரிந்துகொள்ள மூளைக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். ஒருவழிச் சாலையில் எதிரே ஒரு விளக்கு தெரிந்தால், அது நிற்கும் வண்டியா, வரும் வண்டியா என்று தீர்மானிப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும்.

இடையே ஒரு திருத்தம். இரண்டு கார்கள் தலைக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், அது சுவரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமம் என்று பலர் சொல்வதுண்டு. சரியில்லை. எடை சமமாக இருந்தால் ஒவ்வொரு காருக்கும் அது 40 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் மோதியது போலத்தான். நசுங்குவதை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. எடை சமமில்லாதபோது பங்கீடும் சமமில்லை. லாரியும் ஸ்கூட்டரும் மோதினால், லாரியின் வேகம் சற்றே குறையும். ஸ்கூட்டரில் வந்தவர் ஒரே கணத்தில் பின்னோக்கி வீசப்படுவார். எதிர்த்திசையில் அதிகம் துணிந்து நுழைபவை சந்து பொந்துகளில் புகுந்து வரும் இருசக்கர வண்டிகள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெரிந்தே செய்பவர், தெரியாமல் செய்பவர்

நெடுஞ்சாலையில் எதிர்த்து வருபவரும் நகரத் தெருவில் எதிர்த்து வருபவரும் ஒரே வகை இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, அதிவேகச் சாலைகளில் எதிர்த்திசை மோதல்களை ஆராய்ந்தது. அவற்றில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் தவறான திசையில் வந்த ஓட்டுநர் மது அருந்தியிருந்தார். அங்கே பிரச்சினை போதையும் குழப்பமும் இருட்டும்.

நகரத் தெருவில் பட்டப்பகலில் எதிர்த்து வருகிறவர் பெரும்பாலும் நிதானமாகத்தான் இருக்கிறார். தெருவை நன்றாகத் தெரிந்தவர் என்பதால்தான் நுழைகிறார். எங்கே காவலர் நிற்பார், எந்த நேரத்தில் நிற்க மாட்டார் என்பதும் அவருக்கு அத்துப்படி. வெளியூர்க்காரர் பலகையைத் தேடிப் பார்த்து ஓட்டுகிறார். உள்ளூர்க்காரர் பலகையைத் தாண்டிப் பார்க்கிறார்.

அவர் போடும் கணக்கைப் பார்ப்போம். 200 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மனைத்தொகுதி, அதைச் சுற்றி நான்கு ஒருவழித் தெருக்கள். போக வேண்டிய கட்டடத்தைத் தவறவிட்டு 60 மீட்டர் தாண்டி வந்துவிட்டார். எதிர்த்திசையில் 60 மீட்டர் போனால் சில நொடிகளில் வேலை முடிந்தது. விதிப்படி போனால் 540 மீட்டர் சுற்ற வேண்டும். நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். இடையில் சிக்னல் விழுந்தால் மூன்று நிமிடம். டிவைடர் வைத்த சாலையில் யூ டர்ன் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கணக்கு இன்னும் மோசம். ஒரு முறைக்கு இது அற்ப நேரம். பொருள் விநியோகிப்பவர் போல நாள் முழுவதும் வண்டியிலேயே இருந்து, நேரத்துக்குக் கூலி வாங்குபவருக்கு அற்பமில்லை. இதைச் சொல்வது மீறலை நியாயப்படுத்துவதற்காக இல்லை. ஒரு நகரம் ஒருவழியாக்கும்போது லாபத்தை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, சுற்றும் செலவைச் சிலர் தலையில் மட்டும் கட்டுகிறது. மீறல் எந்த இடத்தில் குவிகிறதோ, அந்த இடத்தில் சுற்று மிக நீளமாக இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்ப்பதே அறிவுள்ள நிர்வாகம் செய்யும் வேலை.

அடுத்தது அனுபவம் கற்றுத் தரும் தவறான பாடம். எதிர்த்து ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இது ஆபத்தில்லை என்று ஓட்டுநர் முடிவுக்கு வருகிறார். உண்மையில் அத்தனை முறையும் எதிரே வந்தவர்கள் பிரேக் போட்டிருக்கிறார்கள், ஒதுங்கியிருக்கிறார்கள், நடப்பவர்கள் துள்ளி விலகியிருக்கிறார்கள். அந்த வேலை எதுவும் இவர் கணக்கில் ஏறுவதில்லை.

பிறகு கூட்டம். ஒருவர் போனால் துணிச்சல். பத்துப் பேர் போனால் அதுவே வழக்கம். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தெருவைக் கடப்பவர்கள் இரு பக்கமும் பார்க்கத் தொடங்குகிறார்கள், ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள், சந்திப்பில் காணாமல் போயிருந்த மோதல் புள்ளிகள் திரும்பி வருகின்றன. இருவழிச் சாலைக்குரிய நடுக்கோடோ எதிர்வரும் வண்டிக்கான சிக்னலோ அங்கே கிடையாது. இருவழிச் சாலையின் ஆபத்தும் ஒருவழிச் சாலையின் சுற்றும் சேர்ந்து, இரண்டிலும் உள்ள கெட்டவை மட்டும் மிஞ்சிய ஒரு சாலை அந்த நகரத்துக்குக் கிடைக்கிறது. விதியைக் கடைப்பிடிப்பவர் சுற்றவும் வேண்டும், பயப்படவும் வேண்டும்.

தெரியாமல் நுழைபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். பலகையை மரக்கிளை மறைத்திருக்கும். சுவரொட்டி மூடியிருக்கும். செல்போன் வரைபடத்தில் பழைய திசையே இருக்கும். போன மாதம் திசை மாற்றிய தெருவைச் செயலி இன்னும் பழைய நினைப்பில் காட்டிக்கொண்டிருக்கும். இவர்களுக்கும் அபராதம் போடலாம், ஆனால் அபராதத்தால் மரக்கிளை விலகாது.

மற்ற தடைகள்

ஒருவழி என்பது போக்குவரத்துக் கட்டுப்பாடுகளில் ஒன்றுதான். குறிப்பிட்ட நேரத்தில் நுழையத் தடை, கனரக வண்டிகளுக்குத் தடை, திரும்பத் தடை, பஸ்ஸுக்கு மட்டுமான தடம், உயர வரம்பு என்று பல உண்டு. நேரக் கட்டுப்பாடு மிகப் பழையது. கி.மு. 45-ஐ ஒட்டிய ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று, சூரிய உதயம் தொடங்கிப் பிற்பகலின் பிற்பகுதி வரை ரோம் நகருக்குள் பார வண்டிகளைத் தடுத்தது. கோவில் கட்டும் பொருள்களை ஏற்றிவரும் வண்டிகளுக்கும் சில சமயச் சடங்குகளுக்கான வண்டிகளுக்கும் விலக்கு இருந்தது. தடையோடு விலக்கும் பிறந்துவிடுகிறது. விலக்குகள் பெருகினால், ‘அவர் போகிறாரே, நான் ஏன் போகக் கூடாது’ என்ற கேள்வியும் கூடவே வரும்.

இன்றைய இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம் என்ற வலயங்கள் இருக்கின்றன. நுழைவாயில் ஒவ்வொன்றிலும் எண் பலகையைப் படிக்கும் கேமரா இருக்கும். பலகையைக் கவனிக்காமல் வாடகைக் காரில் உள்ளே போய்விட்டு, ஊர் திரும்பிய பிறகு அபராதச் சீட்டைப் பார்த்து விழிக்கும் சுற்றுலாப் பயணிகள் ஏராளம். உள்ளூர்க்காரர்களுக்குக் கேமரா இருப்பது தெரியும்.

தடையை நேராக மீறாமல் சுற்றி வளைத்துத் தப்புவதும் உண்டு. மெக்சிகோ நகரம் 1989-இல் காற்று மாசைக் குறைக்க, எண் பலகையின் கடைசி இலக்கத்தை வைத்து வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு காரையும் வீட்டிலேயே நிறுத்தச் சொன்னது. வேறு இலக்கத்தில் முடியும் இரண்டாவது காரைச் சிலர் வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் புகை கக்கும் பழைய கார். மக்கள் எந்தப் பக்கம் நழுவுவார்கள் என்று முன்கூட்டியே யோசிக்காத தடைக்கு இது நல்ல உதாரணம்.

உயர வரம்பு வேறு மாதிரி. அதை மீறினால் தண்டிக்கக் காவலர் தேவையில்லை, பாலமே தண்டித்துவிடும். அப்படியிருந்தும் அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹம் நகரில் உள்ள ஒரு ரயில் பாலம், அடியில் வந்த லாரிகளின் கூரையை உரித்தே உலகப் புகழ் பெற்றது. 11 அடி 8 அங்குல உயரம். எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன, மின்னும் விளக்குகள் இருந்தன, உயரமான வண்டி வந்தால் சிக்னலைச் சிவப்பாக்கும் உணரியும் இருந்தது. லாரிகள் மோதிக்கொண்டேதான் இருந்தன. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள்; அதற்குப் பிறகும் மோதல்கள் நின்றுபோகவில்லை. அங்கே தண்டனை நிச்சயம், கடுமையும் கூட. தன் வண்டியின் உயரமே நினைவில் இல்லாதவரை இரண்டும் தடுக்கவில்லை.

எது பலன் தருகிறது?

தெரிந்தே செய்பவரைத் தடுப்பதில் தண்டனையின் அளவைவிடச் சிக்குவோம் என்ற நிச்சயமே அதிகம் வேலை செய்கிறது. இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-இலேயே இதை எழுதினார். அபராதத்தைப் பத்து மடங்கு ஏற்றினாலும், பத்தாயிரத்தில் ஒருவர்தான் மாட்டுவார் என்றால் மற்றவர்கள் அதைத் துரதிர்ஷ்டமாகத்தான் பார்ப்பார்கள். சிறிய தொகையானாலும் நுழைந்தால் தப்பாது என்றால், மூன்று நிமிடச் சுற்று திடீரென்று மலிவாகத் தெரியும். கேமரா இதனால்தான் பலன் தருகிறது.

காவலர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். பல இடங்களில் அவர் தெருவின் வெளியேறும் முனையில், ஒரு வண்டியின் மறைவில் நிற்கிறார். எதிர்த்து வருபவர் தெரு முழுவதும் கடந்து வந்த பிறகு பிடிபடுகிறார். ரசீது கிழிக்க அது வசதி. ஆபத்து அதற்குள் நடந்து முடிந்திருக்கும். நுழையும் முனையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்பவரிடம் வசூல் குறைவாக இருக்கும். ஆனால் நுழைவு நடக்காது. எது வேண்டும் என்பதை நிர்வாகம் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

எனக்கு அதிக நம்பிக்கை தெருவின் வடிவத்தின் மேல்தான். நோ என்ட்ரி முனையில் நடைபாதையை அகலப்படுத்தி வாயைக் குறுக்கினால், உள்ளே திரும்பவே கோணம் கிடைக்காது. வெளியே வரும் வண்டிக்குத் தாராளமாகவும் உள்ளே திரும்பும் வண்டிக்கு முடக்காகவும் விளிம்பை வளைத்துக் கட்டலாம். தரையில் பெரிய அம்புக்குறி, ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்த பலகை, நீளமான டிவைடருக்கு இடையே கூடுதலாக ஒரு யூ டர்ன் இடைவெளி ஆகியவை எல்லாம் பெரிய செலவு பிடிக்காதவை.

‘எதிர்த்து வந்தால் டயரைக் கிழிக்கும் முட்களைப் பதித்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாகன நிறுத்துமிடங்களில் மெதுவாக ஊரும் வண்டிகளுக்கு அது சரி. பொதுச் சாலைக்கு ஆகாது. கலிபோர்னியாவில் பல ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். வேகமாக வரும் வண்டியின் டயர் உடனே காற்றிறங்கி நின்றுவிடுவதில்லை; உடைந்த முட்களின் மிச்சம் சரியான திசையில் வருபவரின் டயரைக் கிழிக்கிறது. பைக்கில் வருபவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் சில நேரம் எதிர்த்திசையில் போக வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம். அவை எதிர்த்துப் போகலாம் என்று பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பது, சைரனையும் சுழலும் விளக்கையும் வைத்துத்தான். பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதைச் சத்தம் போட்டு அறிவித்துக்கொண்டு வருகிறார்கள்.

எதிர்த்திசையே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது; அறிவிக்கப்படாத எதிர்த்திசைதான் ஆபத்து. பெல்ஜியத்தில் 2004 முதல், போதிய அகலமுள்ள ஒருவழித் தெருக்களில் சைக்கிள்கள் எதிர்த்திசையிலும் போகலாம் என்பது பொது விதி. பிரான்ஸ் 2010 வாக்கில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்புள்ள பகுதிகளில் அதையே பரவலாக்கியது. நுழைவில் ‘சைக்கிள் விலக்கு’ என்று பலகை உண்டு, தரையில் குறி உண்டு. கார் ஓட்டுபவர் எதிரே சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுகிறார். இருவரும் ஒருவரையொருவர் முகம் பார்த்து வருகிறார்கள். எதிர்த்திசை பஸ் தடங்களில் சிக்கல் கொஞ்சம் அதிகம். நடப்பவர்கள் பழக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று லண்டனில் சாலைத் தரையிலேயே எழுதி வைத்திருப்பது இப்படிப்பட்ட தடுமாற்றத்துக்காகத்தான்.

சில நகரங்கள் ஒருவழியையே கைவிடுகின்றன. எதிரே யாரும் வராத அகலமான சாலையில் வேகம் கூடுகிறது, சுற்றும் தூரம் கூடுகிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரம் 2011-இல் இரண்டு தெருக்களை மீண்டும் இருவழியாக்கியது. ஆராய்ந்தவர்கள் விபத்துகள் குறைந்ததாகக் கண்டார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். குறுகிய தெருவை இருவழியாக்கினால் பாம்பேய் காலத்துச் சிக்கல் திரும்பி வரும்.

வண்டி ஓட்டுபவருக்கு

வெள்ளைப் பட்டை போட்ட சிவப்பு வட்டம் பெரும்பாலான நாடுகளில் நுழையத் தடையைக் குறிக்கிறது. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைக் குறிகள் உடன்படிக்கையில் அது இருக்கிறது. அதற்கும் முன்பே 1931-இன் ஜெனீவா உடன்படிக்கையில் இடம்பெற்றது. பலகையைத் தவறவிட்டாலும் தெரு வேறு வழிகளில் சொல்லும். இரு ஓரங்களிலும் நிறுத்திய கார்கள் எல்லாம் உங்களை நோக்கி முகம் காட்டி நிற்கின்றனவா? பலகைகளின் எழுத்தில்லாத முதுகு மட்டும் தெரிகிறதா? சிக்னல் கம்பம் இருந்தும் விளக்கு உங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லையா? தரை அம்பு உங்களைப் பார்த்து நீண்டிருக்கிறதா? இரண்டு அறிகுறிகள் ஒன்றாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தவறி நுழைந்துவிட்டால் பலருக்கும் தோன்றுவது, வேகமாக ஓட்டி அடுத்த முனைக்குப் போய்விடலாம் என்பது. செய்யக் கூடாதது அதுதான். வேகம் கூடினால் எதிரே வருபவருக்குக் கிடைக்கும் அந்த இரண்டு நொடியும் குறைகிறது. ஓரமாக ஒதுங்கி நின்று, அபாய விளக்கைப் போட்டு, முகப்பு விளக்கை எரியவிட்டு, போக்கு ஓய்ந்த பிறகு திருப்புங்கள். பைக் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடைபாதை ஓரமாகத் திரும்பலாம். நுழைந்த முனை பக்கத்திலேயே இருந்து, பின்னால் யாரும் வராவிட்டால் மட்டும் மெதுவாக ரிவர்ஸில் வெளியேறலாம். ஆனால் தெரு முழுவதையும் ரிவர்ஸிலேயே கடப்பது வேறு கதை. சரியான திசைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தவறான திசையில் பின்னோக்கிப் போகும் சாமர்த்தியசாலிகள் உண்டு. வண்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே கணக்கு. முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பல நாடுகளின் சட்டம் பார்ப்பதில்லை.

எதிரே அப்படி ஒருவர் வந்தால், சரியான பக்கம் நம்முடையது என்று விடாப்பிடியாக நிற்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடம் விடுங்கள். சட்டென்று ஸ்டியரிங்கை வளைத்தால் பக்கத்தில் வருபவர் மேல் போய் விழ வேண்டியிருக்கும், பிரேக்தான் முதலில். அவர் கடந்து போனதும் உடனே வேகமெடுக்காமல், பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்து வருபவர்களில் பலர், முன்னால் ஒருவர் போவதைப் பார்த்த தைரியத்தில்தான் நுழைகிறார்கள்.